பழைய டீசல் அம்பாசடர்: நாசிலைச் சர்வீஸ் செய்வதா, செட்டையே மாற்றுவதா, ஸ்பேர் வாங்கி வைப்பதா?

திருநெல்வேலிப் பக்கம் டீசல் அம்பாசடர் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எப்படியும் நாசிலில், அதாவது டீசலை எஞ்சினுக்குள் தூவும் கருவியில், வந்து நிற்கும். காலையில் ஒரே சாவியில் எடுக்கவில்லை, கறுப்புப் புகை தள்ளுகிறது, ஏற்றத்தில் இழுக்கவில்லை. மெக்கானிக் "நாசிலைக் கழட்டிப் பாத்துருவோம்" என்கிறார். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. இருப்பதையே சர்வீஸ் செய்து போடுவதா? பழையதைச் சரிசெய்து விற்கும் ரீகண்டிஷன் செட் வாங்கி மாட்டுவதா? நாளைக்குக் கிடைக்காது என்று ஒரு செட் கூடுதலாக வாங்கி வைப்பதா? இல்லை, "ஓடாத வண்டி ஒண்ணு சல்லிசா கிடக்கு, ஸ்பேருக்கு வாங்கிப் போடுங்க" என்று சொல்லும் நண்பர் பேச்சைக் கேட்பதா?

சமீபத்தில் மூன்று பேர் என்னிடம் இதைக் கேட்டார்கள். ஒருவர் வள்ளியூர், ஒருவர் அம்பாசமுத்திரம், இன்னொருவர் சங்கரன்கோவில். மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. ஏன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

என் வண்டி 1989 மாடல். 1489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வகை டீசல் எஞ்சின், நாசில்களுக்கு டீசலை அழுத்தி அனுப்ப சி.ஏ.வி. வகை ரோட்டரி பம்பு. அப்பா வாங்கியது. வருடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினால் அதிகம். சாரலுக்குக் குற்றாலம், மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர், சொந்தத்தில் நாலைந்து கல்யாணம், அவ்வளவுதான். மேலே சொன்ன நான்கு வழிகளில் மூன்றை என் கைக்காசில் செய்து பார்த்துவிட்டேன். நான்காவதை என் அத்தான் செய்தார். கூடவே நின்று பார்த்தேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

எல்லோரும் முதலில் விலையைக் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் கேட்பதுதான் சரி. கீழே உள்ள ஐந்து கேள்விக்கும் பதில் தெரிந்துவிட்டால் எந்த விலை கொடுக்கத் தகுந்தது என்பது தானே தெரிந்துவிடும்.

வண்டி எவ்வளவு ஓடுகிறது? தினமும் ஓடும் வண்டியில் நாசில் தேயும். நின்றே கிடக்கும் வண்டியில் நாசில் துருப்பிடிக்கும். இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு.

எங்கே நின்றால் சிக்கல்? வண்ணார்பேட்டையில் நின்றால் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். நாங்குநேரி தாண்டி நாலுவழிச் சாலையில் ராத்திரி பத்து மணிக்கு, பின் சீட்டில் வயதானவர்களோடு நின்றால் கதை வேறு.

பொருள் இனிமேலும் கிடைக்குமா? அம்பாசடர் செய்துவந்த மேற்கு வங்கத்து உத்தர்பாரா ஆலை 2014 மே மாதம் நின்றது. அம்பாசடர் என்ற பெயரை 2017-இல் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. வண்டி திரும்ப வரவில்லை. இன்று நம் கைக்கு வரும் உதிரியில் பெரும்பகுதி வெளிக் கம்பெனிகள் செய்வதும், கழித்த வண்டிகளில் பிரித்ததும்தான். கொல்கத்தாவில் வாடகை வண்டிக்கு 15 ஆண்டு வரம்பு இருக்கிறது. அப்படிப் பார்த்தால் 2014-இல் வந்த கடைசி டாக்சிகளின் கெடு 2029. அதுவரை கொல்கத்தாவின் பழைய உதிரிச் சந்தையான மல்லிக் பஜாருக்குப் பிரித்த சாமான் வந்துகொண்டிருக்கும். அதற்கு அப்புறம் குறையும்.

அலமாரியில் வைத்தால் கெடுமா? இரும்பு எண்ணெயில் கிடந்தால் நிற்கும். ரப்பர் வாங்கிய நாளிலிருந்தே கிழடாகத் தொடங்கிவிடும்.

வேலை செய்யும் கை இருக்கிறதா? டீசல் பம்பும் நாசிலும் சரிசெய்யும் பம்பு ரூம்கள் பலவும் காமன் ரெயில் என்ற புதிய வண்டிகளின் டீசல் முறைக்கு மாறிவிட்டன. நாசில் டெஸ்டரில் (நாசில் திறக்கும் அழுத்தத்தையும் தூவலையும் காட்டும் கைப்பம்பு) கை வைத்து, காதால் கேட்டுச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். என் கணக்கில் இதுதான் எல்லாவற்றையும்விட அரிய ஸ்பேர்.

## முதலில், குறை நாசிலில்தானா?

காசு செலவழிக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஒவ்வொரு நாசிலுக்கும் வரும் ஹை பிரஷர் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். நல்ல நாசிலைத் தளர்த்தினால் எஞ்சின் தடுமாறும். தளர்த்தியும் சத்தம் மாறாவிட்டால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே சும்மாதான் இருக்கிறது. கையைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள், முகத்தை நீட்டாதீர்கள். அழுத்தத்தோடு பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சின்னப் புள்ளிதானே என்று விட்டால் விரலையே இழக்க நேரிடும். அப்படி ஏதாவது நடந்தால் உடனே ஆஸ்பத்திரி.

பல நேரம் குற்றம் நாசிலில் இருக்காது. ஃபில்டர் அடைத்திருக்கும், டேங்கிலிருந்து வரும் வழியில் காற்று இழுக்கும், எஞ்சின் எடுப்பதற்காகச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் ஒன்று போயிருக்கும், வால்வு கிளியரன்ஸ் மாறியிருக்கும். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிப் பக்கம் எதிர்க்காற்றில் நாகர்கோவிலுக்குப் போகிறவர்கள் புகை வருகிறது என்று பயப்பட வேண்டாம். நாற்பது குதிரைத்திறன்கூட இல்லாத எஞ்சினை முப்பந்தல் காற்றுக்கு எதிரே முழு ஆக்சிலரேட்டரில் மிதித்தால் கறுப்புப் புகை வரத்தான் செய்யும். திரும்பி வரும்போதும் வந்தால் அப்போது பாருங்கள்.

## வழி 1: சொந்த நாசிலைச் சர்வீஸ் செய்வது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கம் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. என் வண்டி பின் பம்பர் வரை தண்ணீரில் ஒரு பகல் நின்றது. எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். டேங்கை நினைக்கவில்லை. வீட்டு வேலையெல்லாம் முடிந்து பங்குனியில் வண்டியை எடுத்தேன். வெள்ளைப் புகை, தட்டும் சத்தம், ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை.

நாலு நாசிலையும் கழற்றிப் பம்பு ரூமுக்குக் கொண்டுபோனேன். அண்ணாச்சி டெஸ்டரில் முதல் நாசிலை மாட்டி லிவரை அழுத்தினார். "கிர்ர்" என்று ஒரு சத்தம், முனையில் புகைபோல ஒரு கூம்பு. "தம்பி, இது பேசுதுல்லா?" என்றார். அடுத்ததை மாட்டினார். சத்தம் இல்லை. முனையில் ஒரு சொட்டு உருண்டு திரண்டு, கீழே விழுந்தது. "இது பேசவே மாட்டேங்கு. மூக்கு ஒழுகுது, பாருங்க."

பிரித்தார். ஊசியை டீசலில் நனைத்து, மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து, நாசிலைச் சாய்த்துப் பிடித்து விட்டார். நல்ல நாசிலின் ஊசி தன் எடையிலேயே மெல்ல வழுக்கி உள்ளே போய் உட்கார்ந்தது. கெட்டதின் ஊசி பாதி வழியில் நின்றுவிட்டது. உருவிப் பார்த்தால் இடுப்பில் ஒரு பழுப்பு வளையம், நெல் உமியின் அகலம்கூட இருக்காது. தண்ணீர் நின்ற இடம் அது.

அந்த ஊசிக்கும் உறைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இரண்டு, மூன்று மைக்ரான். தலைமுடியின் தடிமனே ஐம்பது மைக்ரானுக்கு மேல். ஒரு ஊசியையும் ஒரு உறையையும் ஜோடியாகவே தேய்த்துச் செய்கிறார்கள். அதனால் ஒரு நாசிலின் ஊசியை இன்னொன்றில் போடவே கூடாது. எமரி பேப்பர் அதன் பக்கத்திலேயே வரக் கூடாது. ஓரத்துப் பட்டறைகளில் ஊசியை எமரியில் தேய்த்து "பளபளன்னு ஆயிருச்சு" என்று காட்டுவார்கள். பளபளப்பு வந்தது, பொருத்தம் போனது. கரியை எடுக்கப் பித்தளைப் பிரஷும் மரக்குச்சியும் போதும்.

சர்வீஸ் என்றால் நடக்க வேண்டியவை இவை: பிரித்துச் சுத்தம் செய்வது, ஊசி விழுகிறதா என்று பார்ப்பது, திறக்கும் அழுத்தத்தைக் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவருவது, சொட்டு நிற்கிறதா பார்ப்பது, தூவல் பார்ப்பது. இந்த வகை நாசில்கள் பெரும்பாலும் 100 முதல் 150 பார் அழுத்தத்துக்குள் திறக்கும். ஓட ஓட உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து அழுத்தம் குறையும். சொட்டு பார்க்கும்போது திறக்கும் அழுத்தத்துக்குப் பத்து பார் குறைவாக வைத்துப் பத்து நொடி பிடிக்கச் சொல்லுங்கள். முனை காய்ந்தே இருக்க வேண்டும். நாலு நாசிலும் ஒரே அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது இன்னும் முக்கியம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் திறந்தால் ஐடிலில் வண்டி குலுங்கும்.

இன்னொன்றும் கேளுங்கள். உங்கள் நாசில் ஊசி நுனி ஒற்றைத் துவாரத்தின் வழியே நீண்டிருக்கும் சாதாரண பின்டில் வகையா, பக்கத்தில் மயிரிழைத் துவாரம் ஒன்று கூடுதலாக உள்ள பின்டாக்ஸ் வகையா? குளிரில் சீக்கிரம் எடுப்பதற்காக வைத்த துவாரம் அது. கரி முதலில் அடைப்பது அங்கேதான். மெல்லிய கம்பி கொண்டு அதைத் திறக்கத் தெரியாதவர் கையில் கொடுத்தால் சர்வீஸ் முடிந்த பிறகும் காலையில் அதே மல்லுக்கட்டு இருக்கும்.

என் வண்டியில் இரண்டு நாசில் தப்பின, இரண்டுக்கு முனை மட்டும் புதிது வாங்கிப் போட்டோம். முனையைப் பிடித்திருக்கும் உடம்பான ஹோல்டர் நாலும் பழையதே. புதிய முனைக்கு அழுத்தத்தை ஏழெட்டு பார் கூட்டி வைத்தார் அண்ணாச்சி. ஸ்பிரிங் படிந்ததும் சரியான அளவுக்கு வந்துவிடும் என்றார். முனை வாங்கும்போது அதன் மேல் பொறித்த எண்ணைப் பாருங்கள். நம் எஞ்சினுக்கு டிஎன் என்ற எழுத்துகள் உள்ள பின்டில் வகைதான் வரும். டிஎல்எல்ஏ என்று இருந்தால் அது பல துவார நாசில், லாரி, டிராக்டர் வகையறா. அதை வாங்கக் கூடாது.

மறைந்திருக்கும் செலவு என்ன? முதலில் நாள். வண்டி மூன்று நான்கு நாள் படுத்துவிடும். அடுத்தது வாஷர். நாசில் உட்காரும் குழியின் அடியில் செம்பு வாஷர், அதற்கும் கீழே நெளிநெளியாக ஒரு சின்ன வாஷர், இரண்டையும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போட வேண்டும். பழைய வாஷர் குழிக்குள் ஒட்டிக்கொண்டே இருக்கும். தெரியாமல் அதன்மேலேயே புதியதைப் போட்டால் நாசில் மேலே தூக்கி உட்காரும், கம்ப்ரஷன் ஒழுகும். டார்ச் அடித்துப் பாருங்கள். நெளி வாஷர் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கழற்றும்போதே போட்டோ எடுத்துவிடுங்கள். மாட்டும்போது இரண்டு நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரே பக்கம் இறுக்கினால் நாசில் சாய்ந்து ஊசி பிடித்துக்கொள்ளும்.

ஹோல்டர் உடம்பு நன்றாக இருந்து, பக்கத்தில் நம்பகமான பம்பு ரூமும் இருந்தால் இந்த வழிதான். இரண்டாம் யோசனை வேண்டாம்.

## வழி 2: ரீகண்டிஷன் செட் மாட்டுவது

இதன் ஒரே பலம் வேகம். பழையதைக் கொடுத்து, தயாராக உள்ள செட்டை வாங்கி, மதியத்துக்குள் மாட்டிவிடலாம். சில வருடங்களுக்கு முன் அக்கா மகள் கல்யாணம் நெருங்கிவிட்டதால் நானும் அப்படி ஒரு கடையில் மாற்றினேன். பெயிண்ட் அடித்துப் புதிதுபோல இருந்தன. இரண்டு வாரத்தில் ஐடிலில் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. டெஸ்டரில் போட்டுப் பார்த்தால் 130, 120, 115, 95 என்று நாலும் நாலு அழுத்தம். ஒரு முனையின் எண்ணே வேறு. திரும்பக் கொண்டுபோனபோது நான் கொடுத்த நாலு ஹோல்டரும் வேறு யாருக்கோ போய்விட்டிருந்தன. முப்பது வருடம் அந்த எஞ்சினிலேயே இருந்த ஹோல்டர்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது.

இந்த வழியின் மறைந்த செலவு இதுதான்: உங்கள் பொருள் கையைவிட்டுப் போகிறது, வருவதன் சரித்திரம் தெரியாது. அதனால் மாற்றாக வாங்காதீர்கள், விலைக்கு வாங்குங்கள். பழையதை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கண் முன்னால் டெஸ்டரில் போட்டுக் காட்டாத செட்டைத் தொடாதீர்கள்.

ஆனாலும் இதுவே சரியான வழியாக அமையும் சமயங்கள் உண்டு. ஹோல்டரின் மரை போயிருந்தால், உடம்பில் விரிசல் இருந்தால், வாடகைக்கு ஓடும் வண்டி மூன்று நாள் நிற்பதே நஷ்டம் என்றால், சோதித்துக் காட்டும் ஆளிடம் வாங்கிப் போடலாம்.

## வழி 3: இரண்டாவது செட்டைத் தயார் செய்து வைப்பது

கல்யாண அனுபவத்துக்கு அப்புறம் நான் இதற்குப் போனேன். தனித்தனியாக ஹோல்டர் தேடி, புதிய முனை போட்டு, நாலையும் ஒரே அழுத்தத்துக்கு வைத்து ஒரு செட். ஊர்ப்பயணம் எங்கே போனாலும் அது டிக்கியில் இருந்தது.

ஒரு கார்த்திகை மாத ராத்திரி, நாகர்கோவிலிலிருந்து திரும்பும்போது நாங்குநேரிக்கு முன்னால் வண்டி நின்றது. அம்மாவும் சித்தியும் வண்டியில். டிக்கியில் நாலு நாசில் இருந்தது, ஒன்றுக்கும் பயன்படவில்லை. போனது டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் ரப்பர் டயாஃப்ரம் (சவ்வு), உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு. விடிகாலை வரை ரோட்டோரம் இருந்தோம்.

ஸ்பேர் பற்றி என் எண்ணத்தை மாற்றியது அந்த ராத்திரிதான். நாசில் ஒன்று கெட்டால் வண்டி தட்டும், புகைக்கும், இழுக்காது. ஆனால் மூன்று சிலிண்டரில் மெல்ல வீடு வந்து சேர்ந்துவிடும். வழியில் நிறுத்துவது நாசிலைச் சுற்றியிருக்கும் சாமான்கள்: டயாஃப்ரம், டீசல் குழாய் இணைப்பில் வரும் பான்ஜோ வாஷர், மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய், அடைத்த ஃபில்டர், அதிர்ந்து வெடித்த ஹை பிரஷர் பைப். ஆகவே நாலு நாசில் கொண்ட முழு செட், அரிதாக ஓடும் வண்டிக்குத் தேவையில்லை. சோதித்து அழுத்தம் வைத்த ஒரே ஒரு நாசில் போதும். பாக்கிப் பணத்தைச் சின்னச் சாமானில் போடுங்கள்.

முழு செட் வைப்பதில் மறைந்திருக்கும் செலவு பராமரிப்பு. சும்மா வைத்த நாசிலில் எண்ணெய் காய்ந்து பிசினாகி ஊசி ஒட்டிக்கொள்ளும். திருச்செந்தூர், உவரி, கூடங்குளம் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றில் துரு இன்னும் சீக்கிரம். இரண்டு வருடத்துக்கு மேல் கிடந்த நாசிலை மறுபடி டெஸ்டரில் போடாமல் மாட்டக் கூடாது. அதாவது வண்டியில் ஒரு செட், அலமாரியில் ஒரு செட், இரண்டுக்கும் சர்வீஸ் செலவு.

வருடம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவர்களுக்கு இது பொருந்தும். கழற்றியதை நிதானமாகச் சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டு, தயாராக உள்ளதை மாட்டி ஓடிக்கொண்டிருக்கலாம். சுழற்சியில் இருப்பதால் எந்தச் செட்டும் நெடுநாள் கிடக்காது.

## வழி 4: உதிரிக்கென்று ஓடாத வண்டி வாங்குவது

அத்தான் அப்படி ஒன்றை வாங்கித் தென்னந்தோப்பில் நிறுத்தினார். முதல் வருடம் கதவுக் கைப்பிடி, பம்பர், விளக்கு வளையம் என்று எடுத்தது உண்மை. அதெல்லாம் கடையில் தேடினால் அலைச்சல்தான். ஆனால் எரிபொருள் பக்கத்தில் எடுத்த ஒன்றும் உருப்படவில்லை. பல வருடம் டீசல் இல்லாமல் நின்ற பம்பு உள்ளே இறுகிப்போயிருந்தது. இந்த ரோட்டரி பம்புக்கு டீசல்தான் எண்ணெய். அது வற்றினாலும், அதில் தண்ணீர் கலந்தாலும் முடிந்தது. நாசில்கள் ஹெட்டோடு கரியில் ஒட்டிக்கொண்டு, உருவும்போது இரண்டு உடைந்தன.

இட வாடகை, எலி, சாரைப்பாம்பு, டயர் மக்கிப் போவது எல்லாம் ஒரு பக்கம். ஆர்.சி. இன்னொரு பக்கம். வண்டியைப் பிரித்து ஓட முடியாதபடி ஆக்கிவிட்டால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு சொல்கிறது. விற்றவர் பெயரிலேயே ஆர்.சி.யை விட்டு வைப்பது அவருக்கும் உங்களுக்கும் தலைவலி.

பாடி வேலை செய்யப் போகிறவர், இடம் உள்ளவர், தானே பிரிக்கத் தெரிந்தவர் வாங்கலாம். நாசிலுக்காக வாங்காதீர்கள்.

## நாலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | சொந்த நாசில் சர்வீஸ் | ரீகண்டிஷன் செட் | இரண்டாவது செட் | ஓடாத வண்டி |
|---|---|---|---|---|
| வண்டி நிற்கும் நாள் | 3–4 நாள் | அரை நாள் | அரை நாள் | சொல்ல முடியாது |
| நம்பகம் | அதிகம், ஆள் சரியாக இருந்தால் | சோதித்துக் காட்டினால் மட்டும் | அதிகம், சுழற்சியில் இருந்தால் | நாசில், பம்புக்குக் குறைவு |
| மறைந்த செலவு | வாஷர், காத்திருப்பு | பழைய ஹோல்டர் பறிபோவது | இரட்டைச் சர்வீஸ், துரு | இடம், ஆர்.சி., பிரிக்கும் கூலி |
| அலமாரியில் கெடுமா | பொருந்தாது | பொருந்தாது | கெடும் | நின்ற இடத்திலேயே கெடும் |
| யாருக்கு | அரிதாக ஓட்டுபவர் | அவசரக்காரர், ஹோல்டர் போனவர் | நிறைய ஓட்டுபவர் | பாடி வேலை செய்பவர் |

## நான் என்ன வாங்கி வைத்திருக்கிறேன்

நாலு செட் செம்பு வாஷரும் நெளி வாஷரும். பல அளவில் பான்ஜோ வாஷர். ஃபீட் பம்பு டயாஃப்ரம் கிட் ஒன்று. ஃபில்டர் இரண்டு, அதன் ரப்பர் வளையங்களோடு. ரிட்டர்ன் குழாய் இரண்டு மீட்டர். முதல் சிலிண்டர் ஹை பிரஷர் பைப் ஒன்று, ஏனென்றால் என் வண்டியில் அதிகம் அதிர்வது அதுதான். பைப்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்பு இரண்டு. பழைய வண்டிகள் பலவற்றில் இதைக் கழற்றியவர் திரும்பப் போட்டிருக்க மாட்டார், பைப் வெடிப்பதற்கு அதுவே காரணமாகிவிடும். ஹீட்டர் பிளக் இரண்டு. சோதித்த நாசில் ஒன்று. ஃபேன் பெல்ட் ஒன்று. ஸ்பேனர் விஷயத்தில் கவனம்: பிஎம்சி எஞ்சினுக்கு அங்குல அளவு, வேறு சில அம்பாசடர்களில் வரும் இசுசு எஞ்சினுக்கு மில்லிமீட்டர். அங்குல நட்டில் மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு முனை மழுங்கடித்த பைப் நட்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

செம்பு வாஷர் தீர்ந்துபோய் வழியில் மாட்டிக்கொண்டால், பழையதைச் செந்தணலாகக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி மென்மையாகிவிடும். அவசரத்துக்கு அது போதும். நெளி வாஷருக்கு அந்த வித்தை செல்லாது.

பம்பு சீல் கிட்டை மட்டும் நான் வாங்கி வைக்கவில்லை. முன்பு வைத்திருந்தேன். தகரக் கூரைக்குக் கீழே இரண்டு அக்னி நட்சத்திரம் கண்டதும் ரப்பர் இறுகிவிட்டது. ரப்பர் சாமானை வீட்டுக்குள், வெயில் படாத இடத்தில், பிளாஸ்டிக் பையில் போட்டு வாங்கிய தேதியை எழுதி வைப்பேன். மூன்று வருடம் தாண்டினால் புதிது. நாசிலை சுத்தமான கேலிப்ரேஷன் எண்ணெயில் (டெஸ்டரில் ஊற்றும் சோதனை எண்ணெய்) நனைத்து, முனைக்கும் பைப் வாய்க்கும் மூடி போட்டு, பையில் காற்றில்லாமல் கட்டி வைக்கிறேன். துணியில் சுற்றாதீர்கள். துணி ஈரத்தை இழுத்து இரும்புக்குக் கொடுக்கும், நூலும் உள்ளே போகும்.

இதெல்லாவற்றையும்விட மலிவான பராமரிப்பு டேங்க்தான். நிறுத்தி வைக்கும் வண்டியின் டேங்கை முழுதாக நிரப்பி வைத்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் இருக்காது. ஐப்பசிக்கு முன் ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை ஃபில்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். வழவழப்பாகப் பாசிபோல் ஏதாவது வந்தால் டேங்கையே இறக்கிக் கழுவ வேண்டும். தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே நுண்ணுயிர் வளர்ந்த அடையாளம் அது.

2020 ஏப்ரலிலிருந்து நமக்கு வருவது 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) கந்தகம் உள்ள பிஎஸ்-6 டீசல். கந்தகத்தை எடுக்கும்போது வழுவழுப்பும் குறைகிறது என்பதால் சுத்திகரிப்பு ஆலையிலேயே அதற்கான மருந்தைச் சேர்க்கிறார்கள். நல்ல பங்கில் அடித்தால் நாசிலுக்குப் பயமில்லை. பழைய பம்பின் பழைய ரப்பர் சீல்கள்தான் இந்த டீசலில் சுருங்கி ஒழுகக்கூடும். பம்புக்குக் கீழே ஈரம் தெரிந்தால் சீல் மாற்றும் நேரம்.

பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் உள்ள பழைய மாருதி எஸ்டீம், ஜென் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது. அங்கே இன்ஜெக்டரை அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவி, ஓ-ரிங்கும் உள்ளே உள்ள குட்டி ஃபில்டரும் மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பழைய ரப்பர் குழாய்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

## கேட்ட மூவருக்கும்

வள்ளியூர்க்காரர் கல்யாண வாடகைக்கு ஓட்டுகிறார். வாரத்துக்கு இரண்டு மூன்று ஓட்டம். அவருக்கு மூன்றாம் வழி: இரண்டு செட், ஒன்று வண்டியில், ஒன்று பம்பு ரூமில்.

அம்பாசமுத்திரத்துக்காரரின் வண்டி இரண்டு வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. முதல் வழி. ஆனால் நாசிலைக் கழற்றும் முன் டேங்கை இறக்கி, ஃபில்டரை மாற்றி, புது டீசல் ஊற்றட்டும். அழுக்கு டேங்கோடு சர்வீஸ் செய்த நாசிலைப் போட்டால் பாபநாசம் போய்த் திரும்புவதற்குள் அதே நிலைமை.

சங்கரன்கோவில்காரருக்கு ஓடாத வண்டி ஒன்று மலிவாக வருகிறதாம். முன்பணம் கொடுக்கும் முன் பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பாருங்கள். உங்களுடையது பிஎம்சி. அது 1995 சிசி இசுசு டீசலாக இருந்தால் நாசில், பைப், பம்பு, ஃபில்டர் எதுவும் உங்கள் வண்டிக்குச் சேராது. கதவும் பம்பரும் கண்ணாடியும் வேண்டுமென்றால் அந்த அளவுக்கு மட்டும் விலை பேசுங்கள்.